ஒரு தண்டனை, எட்டு உயிர்

பொருளாதார அறிஞர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் ஆகியோரின் எக்செல் பிழை பழைய கதை. அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி –0.1 சதவீதம் என்றது அவர்களின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரை. 2013இல் ஹெர்ண்டன், ஆஷ், போலின் மூவரும் கணக்கைத் திரும்பப் போட்டபோது 2.2 சதவீதம் வந்தது. அட்டவணையில் ஐந்து நாடுகள் விடுபட்டதை மட்டுமே இன்றும் பேசுவது வருத்தத்துக்குரியது. விடையைப் பெரிதும் மாற்றியவை வேறு: சில ஆண்டுகளை விலக்கியதும், நியூசிலாந்தின் ஒரே ஆண்டுக்கும் பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கும் சம எடை தந்ததும். அவை கைப்பிழைகள் அல்ல, ஆய்வாளரின் தேர்வுகள்.

தேர்வு எவ்வளவு கனமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது மரண தண்டனை பற்றிய ஆய்வு. ஒரு தண்டனை நிறைவேற்றம் ஏழெட்டுக் கொலைகளைத் தடுத்திருக்கலாம் என்று பொருளாதார அறிஞர் ஐசக் எர்லிக் 1975இல் எழுதினார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு அந்த ஆய்வை எடுத்துக்காட்டியது. அவர் பயன்படுத்தியவை 1969 வரையிலான ஆண்டுத் தரவுகள்.

மற்றவர்கள் எர்லிக்கின் புள்ளியியல் மாதிரியை அசைத்துப் பார்த்தார்கள். 1962க்குப் பிந்தைய சில ஆண்டுகளை நீக்கியதும் தடுப்பு விளைவு மறைந்தது. அறுபதுகளில் தண்டனை நிறைவேற்றம் ஏறக்குறைய நின்றுபோனது. கொலை மட்டுமின்றிப் பிற குற்றங்களும் பெருகின. முடிவு முழுவதும் அந்தச் சில ஆண்டுகளின் தோளில் நின்றது. அவர் இட்ட மடக்கை மதிப்புகளுக்குப் பதில் நேரடி எண்களை இட்டபோதும் அது நிலைக்கவில்லை. பூஜ்யத்தை நெருங்கும் எண்களின் சிறு வேறுபாட்டை மடக்கை மிகப் பெரிதாக்கிவிடும்.

எட்வர்ட் லீமர் 1983இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரை ஆய்வாளரின் தேர்வு முடிவை எவ்வளவு மாற்றும் என்ற கேள்வியை நேராக எதிர்கொண்டது. சமூக அறிவியல் பயிலும் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும். கொலைக்குக் காரணம் எது என்பதில் வெவ்வேறு முன்நம்பிக்கை கொண்ட ஆய்வாளர்கள் தத்தம் காரணிகளைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று அவர் கணக்கிட்டார். தரவு ஒன்றே. ஒருவருக்குத் தண்டனை கொலையைக் குறைத்தது, இன்னொருவருக்குக் கூட்டியது. இவ்வளவு எளிதில் உடையும் முடிவை நம்பக் கூடாது என்றார் லீமர்.

2012இல் அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றமும், அதுவரை வந்த ஆய்வுகள் மரண தண்டனையின் விளைவைப் பற்றி எதையும் தெரிவிக்கவில்லை, கொள்கை வகுக்க அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது.

லீமர் காட்டிய வழி இன்று நடைமுறையாக வளர்ந்திருக்கிறது. நியாயமான எல்லாத் தேர்வுகளின்படியும் மாதிரியை ஓட்டி, கிடைக்கும் மதிப்பீடுகளை வரிசைப்படுத்தி ஒரே வரைபடத்தில் காட்டும் முறையை சைமன்சோன், சிம்மன்ஸ், நெல்சன் ஆகியோர் 2020இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான தேர்வுகளில் முடிவு ஒரே பக்கம் நின்றால் நம்பிக்கை கூடும். ஓரிரண்டில் மட்டும் தோன்றினால், அதைத் தாங்கும் தேர்வு எது என்பதையாவது வாசகர் அறிவார். உயிரைப் பற்றித் தீர்ப்பளிக்கும் எண்ணுக்கு அந்த வரைபடம் இல்லாமல் இடம் தரக் கூடாது.