மாத்திரை போட்டுக் காபி குடிப்பவர்களுக்கு



கல்யாண வீட்டில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். விடிந்ததும் ஒரு பேன்டோபிரசோல், அரை மணி கழித்து ஸ்ட்ராங் காபி. "ரெண்டு வருஷமா இப்படித்தான் சார், ஒரு தொந்தரவும் இல்லை." டாக்டர் சீட்டு? கிடையாது.

தொந்தரவு இல்லையா, தெரியவில்லையா? நானும் இதே கூத்தை அடித்தவன்தான். கடைசியில் எண்டோஸ்கோபி பார்த்தால் குடலில் புண். காரணம் காபி அல்ல, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அதைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். நாம் இன்னும் காரத்தையும் காபியையும் திட்டிக்கொண்டிருக்கிறோம்! 14 நாள் மருந்தில் கிருமி போனது. அதுவரை நானாகப் போட்ட மாத்திரை எரிச்சலை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

காபி அமிலத்தைத் தூண்டும், மறுக்கவில்லை. காஃபீன் நீக்கிய காபியும் தூண்டும். பாலை நிறைய ஊற்றினால் சரியாகும் என்பது கதை. பாலும் சற்று நேரத்தில் அமிலத்தைக் கூட்டும். நான் இட்லிக்குப் பிறகு அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எடை குறைந்தால், மலம் கறுத்தால், விழுங்கச் சிரமமானால் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள், டாக்டரிடம் போங்கள். அக்கா, உனக்கும்தான் சொல்கிறேன்.

அந்தப் பையன் திங்கட்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை போன் செய்து கேட்பேன்.