பெயர் சூட்டினால் போதுமா?

‘கார்’ என்பதை மகிழுந்து என்பதா, சீருந்து என்பதா என்று நம் ஆசிரியர் கூட்டங்களில் மணிக்கணக்கில் வாதிடுகிறோம். அவ்வண்டியின் கிளட்ச் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆறாம் ஆண்டு மாணவனுக்குப் பத்து வரியில் தமிழில் விளக்க முற்படுவோர் அரியர். சொல் கிடைத்தவுடன் அறிவும் கிடைத்துவிட்டதாக எண்ணும் இம்மயக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன்.

பியட் நிறுவனத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1899 ஜூலைத் திங்களில் இத்தாலியின் டுரின் நகரில் அது தொடங்கப்பெற்றது. ‘டுரின் இத்தாலிய மோட்டார் வண்டித் தொழிற்சாலை’ எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துகளே அப்பெயர். அதில் கவிநயம் ஏதுமில்லை, தொழிற்சாலைதான் இருக்கிறது.

இந்தியாவில் நடந்ததென்ன? வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாயின் குர்லாவில் பியட் 1100 வண்டியை உரிமம் பெற்று உருவாக்கியது. 1970களில் அதற்குச் சித்தூர் அரசியின் பெயரால் ‘பத்மினி’ எனப் பெயரிட்டனர். எத்துணை இனிய பெயர்! ஆயினும் 1960களின் வடிவமே, பெரிய மாற்றமேதுமின்றி, உற்பத்தி நின்ற 2000ஆம் ஆண்டு வாக்கு வரையில் வெளிவந்தது. இறக்குமதித் தடையும் உரிமக் கட்டுப்பாடும் காரணம் என்பர், உண்மையே. ஆனால், வாங்குவோர் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தமையால், மாற்றவேண்டும் என்ற எண்ணமே எழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

உருசியரும் அதே பியட்டிடந்தான் சென்றனர். 1966 ஒப்பந்தப்படி பியட் 124ஐப் பெற்று, 1970இல் தொல்யாத்தி நகரில் வெளியிட்டபோது, தம் கரடுமுரடான சாலைகளுக்கேற்ப உடற்றகட்டைத் தடிப்பாக்கினர். பின்சக்கர டிஸ்க் பிரேக்குகளை நீக்கி டிரம் பிரேக்குகளைப் பொருத்தினர் (வேண்டுவோர் இவற்றுக்கும் தமிழ் ஆக்கிக்கொள்க). எஞ்சினையே மாற்றச் செய்தனர். கடுங்குளிரில் கிளப்புவதற்குக் கைச்சுழற்றியும் வைத்தனர். கடன் வாங்கியதைத் தமதாக்கிக்கொள்வது இதுவன்றோ!

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது நாம் கொதித்தெழுந்தோம். 2009இல் அம்முடிவு கைவிடப்பட்டது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோதும் எதிர்த்தோம். முறையான எதிர்ப்பே. ஆனால், மீட்ட மொழியில் பாடநூலுக்கு அப்பால் நாம் எழுதிய அறிவியல் நூல்கள் எத்தனை?

நம் கிளேபாங் வட்டாரப் பட்டறைகளில் எண்ணெய்க் கறையோடு உழைக்கும் தமிழ் இளைஞரின் பேச்சைக் கலப்புத்தமிழ் என்று எள்ளுகிறோம். அவர்களுள் ஒருவரைப் பள்ளிக்கு அழைப்போம். கியர்ப்பெட்டி ஒன்றை மேசைமேல் பிரித்துக் காட்டச் செய்து, கண்டதை மாணவர் கட்டுரையாக எழுதட்டும். மகிழுந்தா, சீருந்தா என்பதை அவர்கள் விருப்பத்துக்கே விட்டுவிடலாம்.