மாலைப் பொழுதும் மண் திடலும்

ஓர் ஊரின் வளத்தை அதன் ஏரியைக் கொண்டு அளப்பார் சிலர். கடைத்தெருவைக் கொண்டு அளப்பார் சிலர். மாலை ஐந்து மணிக்கு அவ்வூர்த் திடலில் எழும் புழுதியைக் கொண்டும் அளக்கலாம் என்பது என் எண்ணம். அப்புழுதி அடங்கிப்போன ஊர், எத்தனை மாடிகளை எழுப்பினாலும் எதையோ இழந்த ஊரே.

விழுப்புரம் இருப்புப்பாதையால் வளர்ந்த நகரம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து வழிகள் கூடும் சந்திப்பு அது. ரயில் சென்ற ஊர்கள் பலவற்றிற்கு அதனுடன் கால்பந்தும் சென்றது. விழுப்புரம் அதற்கு விலக்கன்று. மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடிய அந்நாள்களில், பந்தாட்டம் என்றால் பணி முடித்த தொழிலாளர் வீடு திரும்பாமல் சீருடையுடனேயே திடலுக்கு வந்து நிற்பர். தோலுறைக்குள் பிளேடரைத் திணித்து, மிதிவண்டிப் பம்பால் காற்றடித்து, நாடாவை இறுக்கிக் கட்டிய பந்து அது. மழையில் நனைந்தால் கல்லாய்க் கனக்கும். அதைத் தலையால் முட்டியவன் நெற்றியில் நாடாவின் தடம் பதிந்திருக்கும்.

புளியமரக்காடு எனப் பொருள்படும் 'திந்திரிவனம்' என்பதே திண்டிவனம் ஆயிற்று என்பர். அவ்வூர்ச் சிறுவர்க்குப் புளியமர நிழலே அரங்கம். இரண்டு செங்கற்களை நட்டால் அதுவே கோல் கம்பம். பந்து கிடைக்காத நாளில் கில்லி, கோலி, பம்பரம், சடுகுடு. புளியங்கொட்டையும் வீணாவதில்லை, திண்ணையில் பெண்பிள்ளைகளின் பல்லாங்குழிக்கும், ஒற்றையா இரட்டையா ஆட்டத்திற்கும் அதுவே முதலீடு. ஆட்டத்தை நிறுத்த நடுவரின் ஊதல் தேவைப்பட்டதில்லை. மஃரிப் பாங்கொலியும் கோயில் மணியும் கேட்டால் பிள்ளைகள் தாமே கலைந்து வீடு திரும்புவர்.

இவற்றை நினைந்து ஏங்குவதற்காக நான் எழுதவில்லை. அத்திடல்கள் செய்த பணி என்ன என்பதே கேள்வி. பள்ளிவாசல் தெருப் பிள்ளையும், ரயில்வே குடியிருப்புப் பிள்ளையும், ஊரார் ஒதுக்கிவைத்த காலனிப் பிள்ளையும் ஒரே அணியில் நின்றனர். திடலுக்கு வெளியே எத்தனையோ வேலிகள் இருந்தன. அவற்றை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் பந்து காலில் இருக்கும்போது, 'அவன் எந்தத் தெரு?' என்று கேட்க நேரமில்லை. 'அவன் சரியான இடத்தில் நிற்கிறானா?' என்பதே கேள்வி. சமத்துவத்தை மேடையேறிப் போதிக்காமலேயே கற்பித்த பள்ளி அது.

வெறுங்கால் ஆட்டத்தை இழிவாக எண்ண வேண்டா. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி பிரான்சை எதிர்கொண்டபோது, நம்மவருள் பெரும்பாலோர் காலணி இன்றியே ஆடினர். ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றனர். எனினும் அந்த ஒற்றைக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் வரலாற்றில் இடம்பெற்றார். 1951இல் டெல்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை இந்தியா வென்றபோது அணியைப் பயிற்றுவித்தவர் சையத் அப்துல் ரஹீம். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். ஓர் ஆசிரியர் மனம் வைத்தால் திடல் எதுவரை செல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பழமையெல்லாம் பொன் என்று கூறேன். அன்றைய திடலில் நம் பெண்மக்களுக்கு இடமில்லை. திண்ணையே அவர்தம் எல்லை. இன்று, விழுப்புரத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய தென்னார்க்காட்டின் தலைநகரான கடலூரிலிருந்து புறப்பட்ட இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்காக ஆடியிருக்கிறார். அவர் இடம்பெற்ற மதுரை சேது அணி 2019இல் இந்திய மகளிர் கால்பந்து லீக் கோப்பையை வென்றது. நம் காலம் கண்ட நல்ல மாற்றம் இது. ஆனால் இத்தகைய பெண்கள் இன்னும் பலர் தோன்ற வேண்டுமாயின், அவர்கள் ஓடுவதற்கு நிலம் வேண்டாமா?

பிள்ளைகள் கைப்பேசியில் மூழ்கிவிட்டனர் என்று நாம் குறைப்படுகிறோம். முதலில் பறிபோனது எது? திடல்கள் மனைகளாயின, எஞ்சியவை வாகனம் நிறுத்தும் இடங்களாயின. விளையாட்டுப் பாடவேளையைத் தேர்வின் பெயரால் கணக்கும் அறிவியலும் கடன் வாங்கின. திருப்பித் தரவே இல்லை. இடத்தையும் நேரத்தையும் நாம் எடுத்துக்கொண்ட பிறகு, வெறுங்கையோடு நின்ற பிள்ளையிடம் வந்து சேர்ந்ததே கைப்பேசி. ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே வகுத்துள்ளது. சட்டம் எழுதியதை ஊர் காக்க வேண்டும்.

ஆசிரியப் பெருந்தகையீர், வாரத்தில் இருவேளையேனும் மாணவனை வெயிலுக்கு விட்டுக்கொடுங்கள். அவன் மதிப்பெண் குறைந்துவிடாது. சமுதாயப் பெரியோர்களே, திருமண மண்டபம் கட்ட நிதி திரட்டும் நம் கைகள், ஒரு திடலை வாங்கி வேலியிட்டுக் காக்கவும் நீளட்டும். அவ்வேலிக்கு வாயில் இருக்கட்டும். அவ்வாயில் எல்லாத் தெருவினர்க்கும், எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும். கல்லூரி மைதானங்களும் மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துச் சிறார்க்குப் பயன்படட்டும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பங்கு எளிது. வாரம் ஒரு மாலை ஒரு பந்தை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்குச் செல்லுங்கள். பதினொருவரைத் தேட வேண்டியதில்லை. பந்து உருளும் ஓசை கேட்டால் அவர்களே வருவார்கள்.