படுக்கை எங்கே, அடுப்பு எங்கே?



கனடாவில் இருக்கும் என் சின்னம்மாவின் மகள் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். சுகம் விசாரித்து முடிந்ததும், "அக்கா, நாங்கள் ஒரு ட்ரெயிலர் வாங்கப் போறம். உங்களிட்டை ஒரு யோசனை கேக்கவேணும்" என்றாள்.

ட்ரெயிலர் என்றதும் உழவு இயந்திரத்தின் பின்னால் இழுபடும் பெட்டிதான் எனக்கு நினைவு வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது, நடக்க மாட்டாத அம்மாவை அப்படி ஒன்றில் மூட்டைகளோடு மூட்டையாக ஏற்றித்தான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். அவள் சொன்னது வேறு. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் சின்ன வீடு. அதற்குள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உண்டு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கோடை காலத்தில் இரண்டு பேருமாக ஊர் சுற்றப் போகிறார்களாம்.

இரண்டு வரைபடங்களை அனுப்பியிருந்தாள். முதலாவதில் பின்பக்கக் கடைசியில் நிலையான கட்டில், நடுவில் அடுப்பும் தொட்டியும், முன்னால் ஒரு சின்ன மேசை. இரண்டாவதில் கட்டிலே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் இரண்டு வாங்குகளும். இரவில் மேசையைப் பதித்து மேலே மெத்தையை விரித்தால் அதுவே படுக்கை. பகலில் நிறைய இடம் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு நாளும் விரித்து மடிக்க வேண்டும்.

"எது நல்லது அக்கா?"

"நான் என்னத்தைக் கண்டன்? அங்கை விக்கிறவங்களைக் கேள்."

"வெள்ளவத்தை அறையை அடுக்கினது நீங்கள்தானே" என்றாள்.

தொலைபேசியை வைத்த பிறகு கணக்குப் பார்த்தேன். அவளுடைய ட்ரெயிலரின் உட்புறம் 16 அடிக்கு 7 அடி, 112 சதுர அடி. எங்கள் வெள்ளவத்தை அறை 12 அடிக்கு 10 அடி, 120 சதுர அடி. எட்டுச் சதுர அடிதான் வித்தியாசம். அதற்குள் இரண்டு பேர் விடுமுறைக்கு இருக்கப் போகிறார்கள். இதற்குள் நாங்கள் ஐந்து பேர் இரண்டரை வருடம் சீவித்தோம்.

அது 1996ஆம் ஆண்டு. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், கராஜ் ஒன்றின் மேல்மாடி அறை. ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். அம்மா, நான், பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், கடையொன்றில் கணக்கு எழுதப் போய்வந்த இந்தத் தங்கை. அகதிகளுக்கு ஒதுக்கும் தங்குமிடத்தில் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர், கிட்டத்தட்ட 38 சதுர அடி இருக்கவேண்டும் என்று ‘ஸ்பியர்’ என்னும் சர்வதேச நிவாரணக் கையேடு சொல்கிறது. சமையலுக்கான இடம் அதற்குப் புறம்பு. எங்களுக்குக் கிடைத்தது அடுப்பையும் சேர்த்து ஆளுக்கு 24 சதுர அடி. முகாமுக்குப் போகாமல் வாடகை கொடுத்து இருந்தோம் என்று பெயர்தான்.

முதலில் எல்லோரையும் போலத்தான் நானும் அடுக்கினேன். பெரிய சாமானை முதலில் வைத்து, மிச்ச இடத்தில் ஆட்களை வைத்தேன். அம்மாவுக்கு நிலத்தில் இருந்து எழும்ப ஏலாது. ஆகவே ஒரே கட்டிலை யன்னலடியில் போட்டோம். வீட்டுக்காரர் விட்டுப்போன அலுமாரி ஒரு பக்கச் சுவரை எடுத்துக்கொண்டது. மண்ணெண்ணெய் அடுப்பு கதவுக்கு வலப்பக்கம். பிள்ளைகளும் நானும் நடுவில் பாய். தங்கை காலையில் முதலில் போகிறவள், எங்களை மிதிக்காமல் போகட்டும் என்று அவளுடைய பாயைக் கதவடியில் போட்டேன். அது நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

அந்த வருடம் எப்படிப்பட்டது என்று மூத்த வாசகியருக்குத் தெரியும். ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு, ஜூலை 24இல் தெஹிவளை ரயிலில் குண்டு. ஒவ்வொன்றுக்கும் பிறகு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை அறைகளின் கதவுகள் இரவில் தட்டப்பட்டன. எங்கள் கதவும் ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தட்டப்பட்டது. நான் எழும்பி, பிள்ளைகளைத் தாண்டி, தங்கையைத் தாண்டிப் போய்த் திறப்பதற்குள் அவளே பயத்தில் திறந்துவிட்டாள். ரோச் வெளிச்சம் நேரே அவள் மேல் விழுந்தது. இரவுச் சட்டையோடு, தலை கலைந்து, இருபது வயதுப் பிள்ளை. போர்த்திக்கொள்ள ஒரு துண்டும் கைக்கு எட்டவில்லை. அடையாள அட்டை பெட்டிக்குள், பெட்டி கட்டிலுக்குக் கீழே, கட்டிலில் அம்மா. நான் தேடி எடுத்து வரும்வரை, கால் மணித்தியாலமாவது, அவள் அந்த வெளிச்சத்தில் நின்றாள்.

வேறொன்றும் நடக்கவில்லை. பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் அவள் விடியும்வரை சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனபிறகு அறை முழுவதையும் வெளியே எடுத்து, முதலிலிருந்து அடுக்கினேன். இந்தமுறை சாமானை வைத்துத் தொடங்கவில்லை. கதவு திறந்தால் முதலில் என்ன தெரியவேண்டும், யார் தெரியக்கூடாது என்று தொடங்கினேன். அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்து, அதன் முதுகு கதவைப் பார்க்கத் தக்கதாகக் குறுக்கே நிறுத்தினேன். அதன் மறைவில் மகளுக்கும் தங்கைக்கும் பாய். உடுப்பு மாற்றவும் அதுதான் இடம். கதவடியில் என் பாய். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், பதிவுத் துண்டு எல்லாவற்றையும் ஒரு துணிப் பையில் போட்டு, கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு சேலையோடு சேர்த்துக் கொழுவினேன். அந்தப் பையை இன்றுவரை கதவடியில்தான் வைத்திருக்கிறேன். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினார்களே, அன்று என் கை தானாகவே அந்தப் பையைத் தொட்டுப் பார்த்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. என்றாலும் ஆணியிலிருந்து பையைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது பிழை எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. அம்மாவுக்குக் கட்டில், பிள்ளைகளுக்குப் படிக்கப் பெட்டிமேசை, தங்கைக்கு மறைவு, அடுப்புக்கு இடம், சாமி படத்துக்கு இடம். எல்லாம் இருந்தது. என் கணவரைப் பற்றி விசாரித்து நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்த அன்று, அதை இருந்து வாசிக்க எனக்கு அந்த அறையில் ஓரிடம் இல்லை. கீழே பொதுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடி வாசித்தேன். வெளியே வாளியோடு நின்றவர்கள் இரண்டுதரம் தட்டினார்கள்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், தங்கை கேட்டதற்கு இரண்டு நாள் கழித்து நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளையின் அறைக்குப் போனேன். வன்னியிலிருந்து வந்தவள். இரண்டு குழந்தைகள். தையற்கடை ஒன்றுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறாள். அறை 11 அடிக்கு 10 அடி. யன்னலின் பாதியை அலுமாரி மறைத்திருந்தது. மெசின் இருட்டு மூலையில். பட்டப்பகலில் விளக்குப் போட்டுத் தைக்கிறாள், கண் நோகிறது என்கிறாள். காஸ் சிலிண்டரோ பிள்ளைகள் படுக்கும் கட்டிலின் தலைமாட்டில்!

கடையில் ஐந்து ரூபாய்க் கட்டியாக வெண்கட்டி வாங்குகிற காலம் போய்விட்டது. பிள்ளையின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு துண்டு எடுத்தோம். நிலத்தில் கோடு போட்டோம். பெரியவர் ஒருவர் படுக்க ஆறடிக்கு இரண்டரை அடி வேண்டும். நடக்க இரண்டடி வழி விடவேண்டும். கதவு திறக்கும் வளைவுக்குள் ஒன்றும் இருக்கக்கூடாது. சாமானைத் தூக்கி முறிய முதல் வெண்கட்டியால் மூன்றுதரம் அழித்து அழித்துக் கீறினோம். காசு செலவில்லை, முதுகு நோவும் இல்லை.

மெசின் யன்னலடிக்கு வந்தது. வலக்கையால் வேலை செய்கிறவளுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் கையின் நிழல் தையலில் விழாது. அலுமாரி கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் மறைப்பாக நின்றது. கட்டிலின் நாலு காலுக்கும் இவ்விரண்டு கல் வைத்து உயர்த்தியதில் பெட்டிகள் எல்லாம் கீழே போய்விட்டன.

சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 2021ஆம் ஆண்டுக் கடைசியில் நாட்டில் அடுத்தடுத்து எத்தனை வீடுகளில் காஸ் வெடித்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, நிலத்தோடு பரவிப் பாயடியிலும் கட்டிலுக்குக் கீழேயும் தேங்கி நிற்கும். யன்னல் மட்டும் திறந்திருந்தால் போதாது. கீழால் காற்றுப் போக வழி வேண்டும். ஆகவே ஒற்றை அறையில் சிலிண்டரின் இடம் கதவுக்குப் பக்கம்தான், நிமிர்த்தியபடி, படுக்கைக்கும் சாமி விளக்குக்கும் எட்ட. இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். மணம் வந்தால் விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கதவைத் திறந்து பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள்.

சின்ன இடத்தை அடுக்குவது படித்தவர்களுக்கு உரிய வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜேர்மனியில் வீடில்லாமல் சனம் தவித்தபோது, பிராங்பேர்ட் நகரம் தொகையாகச் சின்ன வீடுகள் கட்டியது. அவற்றுக்குக் குசினி வரைந்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஒஸ்ரியப் பெண் கட்டடக் கலைஞர். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டிக்குள் அவ்வளவு சின்ன இடத்தில் எப்படி அத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்று பார்த்தார். அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையில் ஒரு பெண் எத்தனை அடி எடுத்து வைக்கிறாள் என்று எண்ணினார். 1926இல் அவர் வரைந்தது 1.9 மீற்றருக்கு 3.4 மீற்றர், ஏறக்குறைய 70 சதுர அடி. அப்படிச் சுமார் 10,000 குசினிகள் கட்டினார்கள். பின்னாளில் ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததற்காக 1941இல் பிடிபட்டு, 1945வரை சிறையில் இருந்தார். 2000ஆம் ஆண்டில், 103 வயதை எட்டும் தறுவாயில் காலமானார். அவருடைய குசினிக்கும் ஒரு குறை சொன்னார்கள்: ஒருவர்தான் நிற்கலாம், பெண் அதற்குள் தனித்துப் போகிறாள் என்று. அடிகளை எண்ணினால் மட்டும் போதாது போலும்.

கொட்டாஞ்சேனையில் எல்லாம் முடிந்தபிறகு, "உனக்கு எங்கை இடம்?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். "எனக்கென்னத்துக்கு அக்கா?" என்றாள். நான் விடவில்லை. மெசினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடி மிஞ்சியிருந்தது. ஒரு பலகைக் கட்டையை அதில் போட்டோம். தைக்கவும் இல்லை, சமைக்கவும் இல்லை, சும்மா இருக்க. அம்மா அதில் இருந்தால் கூப்பிடக்கூடாது என்று பிள்ளைகளிடமும் சொல்லி வைத்தாள். கூப்பிடாமலா விடப் போகிறார்கள்? என்றாலும் சொல்லி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். எது நல்லது என்று நான் சொல்லவில்லை. யார் முதலில் எழும்புவது, நெருப்பு எங்கே, கதவு திறந்தால் என்ன தெரியும், தனியாக இருக்க நினைத்தால் எங்கே இருப்பாய் என்று நாலு கேள்வி கேட்டேன்.

"மேசையைப் படுக்கையாக்கிற பிளானிலை இடம் கூட, விலையும் குறைவு. இவருக்கு அதுதான் விருப்பம்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆனால் அதிலை படுக்கை கதவடியிலை வருது அக்கா. இவ்வளவு வருசமாச்சு, இப்பவும் கதவுக்குக் கிட்டப் படுத்தால் எனக்கு நித்திரை வராது. இவருக்கு அதைச் சொன்னதில்லை."

எனக்கு அது தெரியாது. மறுநாளே பாயை மாற்றிப் போட்டதோடு சரி செய்துவிட்டேன் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"அப்ப முதலாவதை எடு" என்றேன். "ஏன் எண்டு அவரிட்டைச் சொல்லு. சொல்லிப்போட்டு எடு."

"ஓம்" என்றாள்.

சகோதரிகளே, இன்றிரவு எல்லோரும் படுத்தபிறகு உங்கள் அறையை ஒருமுறை பாருங்கள். யார் எங்கே படுக்கிறார்கள், ஏன் அங்கே படுக்கிறார்கள் என்று கேளுங்கள். சிலவேளை நீங்கள் அறியாத பதில் வரும். உங்கள் சின்ன அறையை நீங்கள் எப்படி அடுக்கினீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.