சந்தனம் எங்கே இருந்தது?

கண்ணமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே பாருங்கள். ஜவ்வாது மலை! சந்தனத்துக்குப் பேர்போன மலை. இப்போது போய்க் கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலம் தம்பி" என்பார்கள். திருட்டுக் கோடாலி செய்த வேலை அது.

'மேக்ஸென்ட்' என்றொரு கம்ப்யூட்டர் புரோகிராம் உண்டு. ஸ்டீவன் பிலிப்ஸ், ஆண்டர்சன், ஷாபைர் என்ற மூவர் 2006இல் இதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். காசு கிடையாது, ஜாவா இருக்கிற மெஷினில் ஓடும். மரம் தென்பட்ட இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, மழை, வெப்பம், உயரத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தால், அந்த மரத்துக்கு ஏற்ற இடம் எதெது என்று கலர் மேப் போட்டுத் தரும்.

இதன் சூட்சுமம் உச்ச என்ட்ரோபி. பயப்படாதீங்க! 'மரம் நின்ற இடங்களின் சராசரி மழைக்கும் வெப்பத்துக்கும் ஒத்துப் போ. தெரியாத எதையும் நீயாகச் சேர்க்காமல் முடிந்தவரை சமமாகப் பரப்பு', அவ்வளவுதான். 1957இல் ஜெய்ன்ஸ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த தத்துவம். நேர்மையான கணக்கு, எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனா நம்ம மலையில் உதைக்கிறது. மரம் இருக்கிற இடம்தான் அதற்குத் தெரியும். ஏன் இல்லாமல் போனது என்று தெரியாது. வெட்டுக்குத் தப்பிய மரம் எங்கே நிற்கும்? வேலிக்குள்ளே, காவல் இருக்கிற இடத்திலே. அந்தப் புள்ளிகளை மட்டும் கொடுத்தால், வாட்ச்மேன் நிற்கிற இடத்து சீதோஷ்ணம்தான் சந்தனத்துக்குப் பிடிக்கும் என்று அது படித்துக்கொள்ளும்! உள்மலை முழுக்க 'ஏற்றதல்ல' என்று வந்துவிடும். நாளைக்கு ஒருவர் அந்த மேப்பைப் பார்த்து, "இங்கே கன்று நட வேண்டாம்" என்று சொன்னால்? (சந்தனம் பக்கத்து மரத்தின் வேரை உறிஞ்சி வாழ்கிற ஜாதி. அந்தத் துணை மரம் இருக்கிறதா என்பதும் மழைக் கட்டத்தில் தெரியாது.)

ஆகவே மெஷினைத் தொடுமுன் மலை ஏற வேண்டும் என்பது என் கட்சி. சிவில்காரர்கள் ஜி.பி.எஸ். பிடிக்கட்டும். அடிக்கட்டையைத் தேடிப் பயனில்லை. வேரிலும் எண்ணெய் உண்டு என்பதால் தோண்டியே எடுத்துவிடுவார்கள். மலையாளிப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்: "தாத்தா, முன்னே எங்கே நின்னுது?" அவர் கை காட்டுகிற இடமும் ஒரு புள்ளிதான்.

"உயிரோட இருக்கிற மரத்தைக் குறிச்சா திருடனுக்கு நாமே வழி காட்டின மாதிரி ஆகாதா?" என்று விடுதியில் ஒரு அண்ணன் மடக்கினார். நியாயம்தான். இருக்கிற மரத்தின் இடத்தை அச்சில் போடவே கூடாது. அது வனத்துறையிடம் மட்டும் இருக்கட்டும். போன மரத்தின் இடத்தைச் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?