தோண்டிய நிலத்துக்கு நம் காடே வேண்டும்

சிலாங்கூர் மாநிலத்துப் பத்து ஆராங் ஊரின் பெயருக்கு மலாய் மொழியில் நிலக்கரி என்பதே பொருள். 1915 முதல் 1960 வரை அங்கே கரி வெட்டப்பட்டது. சீனரோடு நம் தமிழ்த் தொழிலாளரும் அங்கு உழைத்தனர். எண்ணெய் வந்தது; கரியின் தேவை குறைந்தது; சுரங்கம் மூடப்பட்டது. வெட்டிய பள்ளங்களில் சில இன்று ஏரிகளாய்க் கிடக்கின்றன.

இத்தகைய நிலத்தில் பச்சையாக ஏதேனும் முளைத்தால் போதும் என்பார் உளர். அக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆஸ்திரேலியா, நியூகினிப் பகுதிகளிலிருந்து வந்த அக்கேசியா விரைந்து வளரும், மண்ணை வளப்படுத்தும், நிழல் தரும். முதற்படிக்கு அது உதவட்டும். அத்தோடு நின்றுவிட்டால் அது மரத்தோப்பே அன்றிக் காடு ஆகாது.

இவ்வேலையின் கடினம் தோட்டத்து மக்களுக்கு நன்கு விளங்கும். ரப்பர் மறுநடவில் மூடுபயிர் எதற்கென்று நம் பெற்றோர் அறிவர் அன்றோ? சுரங்க நிலத்தில் அடிமண் மேலே புரண்டு கிடக்கும். இயந்திரங்கள் ஓடி இறுகிய மண்ணில் வேர் இறங்காது. ஆகவே முதலில் மண்ணை இளக்க வேண்டும். அதன் பின்னரே மெராந்தி, கெருயிங், கப்பூர் முதலிய நம் நாட்டு மரங்களை நட இயலும். இவற்றின் கன்றுகள் இளமையில் நிழலை நாடும். வேரோடு ஒட்டி வாழும் ஒருவகைப் பூஞ்சை இல்லையேல் செழிப்பதில்லை. ஆண்டுதோறும் இவை காய்ப்பதுமில்லை. விதையோ நெடுநாள் தாங்காது. காய்த்த வேளையில் பொறுக்கி வந்து உடனே நாற்றிட வேண்டும். தாய்மரம் நிற்கும் காடு எங்கேனும் எஞ்சியிருந்தால்தானே அவ்விதையும் கிடைக்கும்!

இது நடக்கக்கூடியதா என ஐயுறுவோர் அதே மாநிலத்துக் கெப்போங்கிற்குச் சென்று பார்க்கலாம். அங்கே எடுக்கப்பட்டது கரியன்று, ஈயம். பாழ்பட்ட அந்நிலத்தில் 1920களில் வனத்துறையினர் நம் நாட்டு மரங்களை நடத் தொடங்கினர். இன்று அங்குள்ள கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், வானத்தில் ஓடைகள் ஓடுவதுபோல் இடைவெளி விட்டு நிற்கின்றன. மாணவர்களே, வாய்ப்புக் கிட்டினால் அண்ணாந்து பாருங்கள்! 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ அவ்வன்பூங்காவை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏறத்தாழ நூறாண்டு உழைப்பு அது.

சரவாக்கில் இன்றும் நிலக்கரி வெட்டப்படுகிறது. அங்கே மண்ணில் கை வைக்குமுன் மேல்மண்ணைத் தனியே குவித்துக் காத்தல் வேண்டும். பக்கத்துக் காட்டின் விதைகளைச் சேகரித்து நாற்றுப் பண்ணை அமைத்தல் வேண்டும். நட்ட கன்றுகளைப் பல்லாண்டு பேணுவதற்கான செலவையும் சுரங்க முதலாளியே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும் என்பது நம் கருத்து.