குளத்துக்குக் குளம் மாறும் தாமிர அளவு

ஆலைக் கழிவுநீரை ஆறு, குளங்களில் விட, லிட்டருக்கு 3 மி.கி. தாமிரம் வரை மத்திய அரசின் விதி அனுமதிக்கிறது. நாடு முழுவதற்கும் இதே அளவுதான். ஆனால், பாசன நீரில் 0.2 மி.கி.க்கு மேல் கூடாது என்கிறது ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு. மீன் குஞ்சுகளுக்கு அதைவிடக் குறைந்த அளவிலும் ஆபத்து வரலாம்.

அந்த ஆபத்தும் எல்லாக் குளத்திலும் ஒன்றல்ல. சுண்ணாம்பு மிகுந்த கடின நீரிலும், மட்கு கலந்த நீரிலும் தாமிரத்தின் நச்சு குறையும், மென்னீரில் கூடும். இவற்றைக் கணக்கிட்டு அந்தந்த நீர்நிலைக்கு அளவு நிர்ணயிக்கும் முறையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2007-இல் பரிந்துரைத்தது.

குருவிகுளம் வட்டாரக் குளங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்புபவை. புது மழைநீர், கோடையில் தேங்கிய நீரைவிட மென்மையானது. மிளகாய், எலுமிச்சைக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிப்பதும் மழைக்காலத்தில்தான். 10 லிட்டர் டேங்குக்கு நீங்கள் போடும் 25 கிராம் மருந்தில் 12.5 கிராம் தாமிரம் உள்ளது. 62,500 லிட்டர் நீரில் 0.2 மி.கி. அளவை எட்ட அதுவே போதும்.

ஆகவே, மழை வரும் நாளில் தெளிக்காதீர்கள். ஓடையிலும் குளத்திலும் டேங்கைக் கழுவாதீர்கள். குளத்து நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது, தாமிரத்துடன் கடினத்தன்மையையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த விவரம் சேர்ந்தால்தான் நம் குளத்துக்கென ஓர் அளவை அரசிடம் கேட்க முடியும்.